ஈரம் காயும்வரை

அவர் கொண்டுவந்த நோட்டு புதிது போலத்தான் இருந்தது. அட்டை மடங்கவில்லை, மூலை தேயவில்லை. திறந்து என் பக்கம் திருப்பியபோதுதான் பார்த்தேன். தைத்த இடத்தை ஒட்டி, கிழித்தெடுத்த தாள்களின் விளிம்புகள் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக நின்றன. இருபதுக்குக் குறையாது. மிச்சமெல்லாம் வெற்றுத் தாள்.

தூக்கம் வரவில்லை என்றுதான் அவர் என்னிடம் தெரபிக்கு, அதாவது மனநல ஆலோசனைக்கு, வந்திருந்தார். சிறுகதை எழுதுபவர். எழுத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கவே ஐந்து சந்திப்புகள் ஆயின. "முதல் வரி எழுதுவேன் மேடம். ரெண்டாவது வரிக்குப் போறதுக்குள்ள முதல் வரி அசிங்கமாத் தெரியும். கிழிச்சிடுவேன். நோட்டு சுத்தமா இருக்கணும் எனக்கு."

"யார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். அவர் தனியாக வசிக்கிறார். அந்த நோட்டைத் திறந்து பார்க்க வீட்டில் வேறு ஆளே கிடையாது. இருந்தும் யாரோ பார்ப்பதாகத்தான் அவர் கை ஒவ்வொரு நாளும் கிழித்துக்கொண்டிருந்தது.

(நான் இங்கே சொல்கிறவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

பதினாறு வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். எழுதுபவர்கள், வரைபவர்கள், பாட்டுக்கு மெட்டுப் போடுபவர்கள், மென்பொருள் வடிவமைப்பவர்கள் எனப் பலர் வந்திருக்கிறார்கள். "உள்ளே ஒண்ணுமே இல்லை, வறண்டு போயிட்டேன்" என்பார்கள். உண்மையான வறட்சியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் உள்ளே ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே எட்டிப் பார்க்கிற முதல் யோசனையை வாசலிலேயே நிறுத்தி, நீ யார், உனக்கு என்ன தகுதி என்று ஒரு குரல் விசாரிக்கிறது. அதற்குப் பயந்து பின்னால் வரவேண்டியவை வராமல் நின்றுவிடுகின்றன. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மன் கவிஞர் ஷில்லர், தன்னால் படைக்க முடியவில்லை என்று வருந்திய நண்பருக்கு 1788இல் எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்: உள்ளே வரும் எண்ணங்களை அறிவு வாசலில் நின்று மிக நெருக்கமாகச் சோதிப்பது நல்லதல்ல, முதலில் கூட்டமாக உள்ளே வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. பின்னாளில், மனதின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்ட் அந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டினார்.

எனக்கு இது படித்து மட்டும் தெரிந்ததல்ல. பள்ளிக்கூட நாட்களில் கவிதை எழுதுவேன். பதினான்கு வயதில் எழுதிய ஒன்றை ஓர் ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. ஐந்து நிமிடத்தில் அதை மறந்திருப்பார். எனக்கு அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் ஒரு வரிகூட வரவில்லை. கேஸ் குறிப்புகள் எழுதினேன், ஆய்வுக் கட்டுரை எழுதினேன். எனக்கென்று எதுவும் எழுதவில்லை. அந்த இருபத்தாறு வருடத்தின் பிற்பகுதியில், எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் "மனசுல படுறதை எழுதிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

எங்கள் தொழிலில், நாங்கள் பார்க்கிற கேஸ்களை ஒரு மூத்தவரிடம் கொண்டுபோய்ப் பேசுவோம். அப்படி நான் போய்ப் பேசும் அம்மா ஒருநாள் கேட்டார்: "யாருக்கும் உதவாத, யாருக்கும் காட்ட வேண்டாத ஒண்ணை நீ கடைசியா எப்பம்மா செஞ்சே?"

பதில் சொல்ல முடியவில்லை. எழுத்துப் பக்கம் போகத் தைரியமும் வரவில்லை. அதனால் மண்பாண்டம் வனையும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். படைப்பைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றது அங்கேதான். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சக்கரத்தில் மண்ணை வைத்ததும் பாண்டம் எழும்பிவிடாது. முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, ஈரக் கைகளால் சுழலும் மண்ணை அழுத்தி அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் நிற்காத மண்ணில் சுவர் எழுப்பினால் அது அலையும். உயர உயர அலைச்சல் கூடி ஒரு பக்கம் சரிந்துவிடும். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனாலும் மண் தளர்ந்து உட்கார்ந்துவிடும். முதல் மூன்று வாரம் எனக்கு விழுந்தது மட்டும்தான். ஒவ்வொரு முறையும் வகுப்பு எடுப்பவர் கம்பியை இழுத்து அந்தக் குவியலை அறுத்தெடுத்து, பலகையில் அடித்துப் பிசைந்து, திரும்ப என் கையில் கொடுப்பார். "மண்ணுக்கு ஒண்ணும் ஆகலை" என்பார். சமாதானம் சொல்ல அவர் அப்படிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். சுடாத பாண்டம் முழுசாகக் காய்ந்திருந்தால்கூட, வாளித் தண்ணீரில் போட்டால் குழைந்து திரும்ப மண்ணாகிவிடும். மறுபடி வனையலாம். சூளையில் சுட்ட பிறகு அது முடியாது.

இரண்டாவது மாதம் ஒரு கிண்ணம் தேறியது. உடனே சுட்டுத் தாருங்கள் என்றேன். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை என் கன்னத்தில் வைத்தார். சில்லென்றிருந்தது. "உள்ள இன்னும் ஈரம் இருக்கு. இப்ப சூளைல வெச்சா அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய வரப் பார்க்கும். வெடிச்சிடும். அடி கனமா இருக்கில்ல, மெதுவாத்தான் காயும்." வேறொருவர் அவசரப்பட்டு வைத்த பாத்திரம் சில்லு சில்லாகக் கிடந்ததை அலமாரியில் காட்டினார்.

அந்தக் கிண்ணம் காய்வதற்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் என் மனதில் ஓடியது பதினான்கு வயதுக் கவிதைதான். மோசமான கவிதையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது ஈரம் காயாத நேரத்தில் சூளைக்குள் போனது.

விமர்சனத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுடாத பாண்டத்தில் தண்ணீர் ஊற்றினால் அதுவே கரைந்துபோகும். எழுதியதெல்லாம் அருமை என்று தட்டிக்கொடுப்பதும் தெரபி இல்லை. நெருப்பு வேண்டும். எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றிலிருந்து என்னிடம் வருபவர்களைக் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது: "இதை ஒருத்தர் நல்லாயில்லைன்னு சொன்னா, நீங்க அந்த இடத்தைத் திருத்துவீங்களா, இல்லை மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவீங்களா?" திருத்துவேன் என்றால் காய்ந்துவிட்டது, காட்டலாம். தூக்கிப் போடுவேன் என்றால் இன்னும் ஈரம். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் காட்ட வேண்டாம். ஒரு கவிதை ஒரு வாரத்தில் காய்ந்துவிடலாம். நாவலுக்கு ஒரு வருடம் ஆகலாம். சொந்தக் காயத்திலிருந்து வருவது இன்னும் கனமானது, அது காய நாள் எடுக்கும்.

பாராட்டும் நெருப்புதான் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். தானாகவே ஆசைப்பட்டு வரைகிற பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். தந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, கெடுத்தது பரிசு கிடைத்ததே அல்ல. பரிசுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் வரையும்போதே உள்ளே உட்கார்ந்துவிட்டது.

பெற்றோர்களிடம் இதைச் சொல்லும்போது, அப்படியென்றால் பாராட்டவே கூடாதா என்று கவலைப்படுவார்கள். பாராட்டுங்கள், ஆனால் அதற்கு முன் பாருங்கள். குழந்தை படத்தை நீட்டியதும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. "இந்த நீலக் கோடு எங்க போகுது?" என்று கேட்டால் அது கால் மணி நேரம் சொல்லும்.

கோடு என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறான். ஒன்பது வயது. வீட்டில் பெரிய இழப்பு ஒன்று நடந்த பிறகு பேச்சு மிகவும் குறைந்துபோய் வந்தான். கேள்வி கேட்டால் தோளைக் குலுக்குவான். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வினிகாட் குழந்தைகளோடு ஒரு கிறுக்கல் விளையாட்டு விளையாடுவார்: கண்ணை மூடிக்கொண்டு மருத்துவர் ஒரு கோட்டைக் கிறுக்குவார், குழந்தை அதை ஏதாவது ஒன்றாக மாற்றும். அடுத்து குழந்தை கிறுக்கும், மருத்துவர் மாற்றுவார். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. அதைத்தான் அவனோடு ஆரம்பித்தேன்.

நான் கிறுக்கிய வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பென்சிலை எடுக்கவில்லை. அப்புறம் கேட்டான்: "இது எதுவும் ஆகலைன்னா, ஆன்ட்டி?"

"ஆகலைன்னா அப்படியே இருக்கட்டும். கோடாவே இருக்கட்டும்."

என்னை ஏறிட்டுப் பார்த்தான். சோதிக்கிற பார்வை. அன்றைக்கு அது கோடாகவே இருந்தது. நான் பேசவில்லை. அடுத்த வாரம் வந்து அதே தாளைக் கேட்டான். அந்த வளைவுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் போட்டான், ஏணி ஆனது. ஏணியின் கால் தரையைத் தொடவில்லை. "இது எங்கே நிக்குது?" என்றேன். "நிக்கலை. தொங்குது. மேல ஒருத்தர் பிடிச்சிருக்காங்க" என்றான். இழந்தவரைப் பற்றி அவன் சொன்ன முதல் வாக்கியம் அது.

அந்த ஒரு வாரத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். காத்திருந்தேன். மனநல ஆலோசனையில் மௌனத்தைத் தாங்கக் கற்பதுதான் கடினமான பாடம். பயிற்சிக் காலத்தில் பத்து விநாடி மௌனம் வந்தாலே நான் ஏதாவது பேசி நிரப்பிவிடுவேன். படைப்பில் தடுமாறுபவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஒன்றும் புரியாமல், ஒன்றும் ஆகாமல் இருக்கிற அந்த நேரத்தைத் தாங்க முடியாமல், கிடைத்த முதல் விடையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அல்லது கிழித்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1954இல் படைப்பாற்றலைப் பற்றி எழுதியபோது, அது மலர உளப் பாதுகாப்பு வேண்டும் என்றார். வெளியிலிருந்து யாரும் மதிப்பிடாத சூழல் அதில் ஒரு முக்கியப் பகுதி. எதிரே ஒருவர் இருக்கிறார், ஆனால் மார்க் போடவில்லை. அப்படி ஓர் ஆள் வாழ்க்கையில் ஒருமுறையாவது கிடைத்தவர்கள், அப்புறம் தங்களுக்குத் தாங்களே அப்படி இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதில்லை. பிரிட்டிஷ் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் 1926இல் படைப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். முதலில் ஆயத்தம், பிறகு அடைகாத்தல், அப்புறம் பளிச்சென்று தெரிவது, கடைசியில் சரிபார்ப்பது. அடைகாக்க முட்டை வேண்டும். ஆயத்தமே இல்லாமல் யோசனை வரட்டும் என்று கடற்கரையில் நடந்தால் நடைதான் மிச்சம். மண்டையை உடைத்துக்கொண்டு உழைத்த பிறகு எழுந்து போகிற நடை வேறு. நடந்துகொண்டே யோசிக்கும்போது மாற்று யோசனைகள் அதிகம் பிறப்பதாக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. ஒரே சரியான விடை உள்ள சொற்புதிர்களுக்கு அது உதவவில்லை. என் அனுபவமும் அப்படித்தான். நடக்கும்போது வருவதைப் பிடித்து வைக்கிறேன், உட்கார்ந்துதான் திருத்துகிறேன். நடக்கும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை.

எழுதுவதே மருந்து என்று கேள்விப்பட்டு வருபவர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசுவேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்வின் துயரமான நிகழ்வைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அனுப்பினால், எழுதிய இரவில் ஒருவர் தனியாகத் தத்தளிப்பார். காயம் மிகப் புதிதாக இருந்தால் நான் உடனே எழுதச் சொல்வதில்லை. எழுதும்போது மூச்சு முட்டினால், கை நடுங்கினால் நிறுத்திவிடுங்கள். எழுதுவதைவிட நீங்கள் முக்கியம்.

இன்னொரு விஷயம் எனக்கு மனதை மிகவும் வருத்துவது. "மருந்து சாப்பிட்டா என் பாட்டு போயிடும் மேடம்" என்றார் ஓர் இசைக்கலைஞர். மூன்று மாதமாக அவர் வாத்தியத்தைத் தொட்டிருக்கவில்லை. படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. பாட்டை ஏற்கெனவே நோய் எடுத்துக்கொண்டிருந்தது. வலிதான் கலையைத் தருகிறது என்ற நம்பிக்கை எத்தனையோ பேரைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது. டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ, இருமுனைக் கோளாறுக்காக (மனம் அளவு மீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் விசாரித்து 1979இல் எழுதினார். பன்னிரண்டு பேருக்குப் படைப்பு கூடியிருந்தது, ஆறு பேருக்கு மாற்றமில்லை, ஆறு பேருக்குக் குறைந்திருந்தது. அந்தக் கடைசி ஆறு பேரை நான் மறைக்க மாட்டேன். உணர்ச்சி மரத்துப்போன மாதிரி இருந்தால் மருத்துவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். அளவை மாற்ற முடியும், மருந்தை மாற்ற முடியும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த இசைக்கலைஞர் நிறுத்தவில்லை. இரண்டு முறை மருந்து மாற்றினார்கள். முதலில் திரும்பியது தூக்கம், அப்புறம் பசி, பாட்டு கடைசியில்தான் வந்தது.

நோட்டுக்காரருக்கு வருகிறேன். அவரோடு முதலில் செய்தது, அந்த விசாரிக்கிற குரல் யாருடையது என்று தேடியது. சில வாரங்களில் தெரிந்தது. பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்த மூத்த அக்காவின் குரல். அக்கா அன்பானவர், தங்கை முன்னுக்கு வர வேண்டும் என்றுதான் சிவப்புப் பேனாவைப் பிடித்தார். அதனால்தான் அந்தக் குரலை எதிர்க்க இவருக்கு மனம் வரவில்லை. எதிர்க்க வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்: ஞாயிறு காலை பத்து மணி. மற்ற நாட்களில் அது பேச ஆரம்பித்தால் "ஞாயித்துக்கிழமை வாக்கா" என்று சொல்லச் சொன்னேன். சொன்னபோது அவர் அழுதார்.

இரண்டாவது, கிழிக்கக் கூடாது. அடிக்கலாம், திட்டி எழுதலாம், பக்கத்தைத் திருப்பலாம். தாள் நோட்டிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, ஒன்றும் வராத நாளில் தேதியைப் போட்டு "இன்று வரவில்லை" என்று எழுதிவிட்டு மூடிவிட வேண்டும். அன்றைக்கான வேலை அவ்வளவுதான். சித்திரமும் கைப்பழக்கம் என்று எல்லோரும் சொல்கிறோம்; நன்றாக வரைவதைப் பழகுவதாகத்தான் அதைப் புரிந்துகொள்கிறோம். சரியாக வராத நாளிலும் கை அங்கே போய் நிற்பது ஒரு பழக்கம். என் அனுபவத்தில் அதுதான் முதலில் வர வேண்டியது.

முதல் இரண்டு மாதம் எளிதாக இல்லை. நடுவில் ஒருநாள் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டு வந்தார். அவற்றைப் பையில் மடித்து வைத்திருந்தார், தூக்கிப் போடவில்லை. நான் ஒட்டும் டேப்பை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சந்திப்பு முழுவதும் இருவரும் உட்கார்ந்து தாள்களைத் திரும்ப நோட்டில் ஒட்டினோம். அதிகம் பேசவில்லை. தூக்கம் சரியானது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு.

இடையில் அவருக்கு என் கிண்ணத்தின் கதையைச் சொல்லியிருந்தேன். நாங்கள் எங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேசவும் கூடாது. அன்றைக்கு அது அவருக்கு உதவும் என்று தோன்றியது. அந்தக் காலத்தில்தான் நானும் விடியற்காலையில் எழுதத் தொடங்கியிருந்தேன். இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

போன மாதம் வந்தபோது அவர் நோட்டு தடித்திருந்தது. டேப் ஒட்டிய பக்கங்கள் விறைத்து நின்றன. புரட்டிக் காட்டினார்: அடித்த வரிகள், ஓரத்தில் அம்புக்குறிகள், "இன்று வரவில்லை" என்று தொடர்ந்து ஒன்பது நாள், பத்தாவது நாள் நான்கு பக்கம். கதை முடிந்துவிட்டது என்றார். படிக்க எனக்கு உண்மையாகவே ஆசை வந்தது, அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் நோட்டை மூடினார். அட்டையைக் கன்னத்தில் வைத்து ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் சில்லுன்னு இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.